சரளமாக வாசிக்கிறார்கள், என்ன புரிந்தது என்றால் விழிக்கிறார்கள்: ஆங்கில பாசேஜை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

மாலைவகுப்பு

எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் பதினோரு பேருக்கு மாலையில் ஆங்கிலம் எடுக்கிறேன். இலக்கணம் ஓரளவு வருகிறது, உச்சரிப்பும் மோசமில்லை. தலைவலி காம்ப்ரிஹென்ஷன் பாசேஜ்தான். எழுந்து நின்று வாசி என்றால் மளமளவென்று வாசிக்கிறார்கள், முடித்ததும் "சரி, இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதே பாசேஜுக்குக் கீழே இருக்கும் ஐந்து கேள்விகளில் மூன்றுக்குச் சரியாக விடை எழுதிவிடுகிறார்கள்! இது எப்படி என்று போன வாரம்தான் பிடிபட்டது.

கேள்வியில் கண்ணில் படுகிற பெரிய சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது பாசேஜில் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டுகிறார்கள். அகப்பட்ட வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நானே தமிழில் ஒரு பாசேஜ் தயார் செய்தேன்:

"குரவிய தொம்பன் காலையில் இரண்டு மிலட்டுகளைக் கிழுவினான். மிலட்டு சப்பியதால் அவன் நொதுங்கிப்போனான்."

தொம்பன் எத்தனை மிலட்டுகளைக் கிழுவினான்? இரண்டு. ஏன் நொதுங்கினான்? மிலட்டு சப்பியதால். பதினோரு பேரும் முழு மதிப்பெண். தொம்பன் ஆளா மிருகமா என்று எழுதிய எனக்கே தெரியாது.

இத்தனை வருடமும் நான் பாசேஜ் கொடுத்து, கேள்வி கேட்டு, திருத்தி, அடுத்த பாசேஜ் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதாவது சோதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், சொல்லித் தந்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. புரிந்துகொள்வதைச் சொல்லித் தர முடியுமா? முடியும் என்றால் வகுப்பில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? "நிறைய வாசிக்கச் சொல்லுங்கள்" என்பதைத் தாண்டி ஏதாவது சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்

டீச்சர், அந்தத் தொம்பன் நான்தான். பன்னிரண்டாவது வரைக்கும் இதே வித்தையில்தான் ஓட்டினேன், ஆங்கிலத்தில் 80க்குக் கீழே வாங்கியதில்லை. கல்லூரியில் முதல் செமஸ்டர் புத்தகத்தைத் திறந்தபோது விரலை ஓட்ட அடியில் கேள்வியே இல்லை. அரை மணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

நூலாம்படை

"தாண்டி" என்று நீங்கள் கோடு கிழித்த இடத்திலேயே நான் நிற்கிறேன், மன்னிக்கவும். பாசேஜ் என்பதே ஒரு செயற்கைச் சரக்கு. இருநூறு சொல், தலையும் இல்லை வாலும் இல்லை, யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள் எதுவும் தெரியாது. அதை வாசிக்க யாருக்கு ஆசை வரும்? பிள்ளைக்குப் பிடித்த கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். இது வெறும் நம்பிக்கை இல்லை. ஃபிஜியில் எல்லியும் மங்குபாயும் கிராமப்புறப் பள்ளிகளில் செய்த ஆய்வு 1983இல் வெளிவந்தது. அங்கும் ஆங்கிலம் பிள்ளைகளின் தாய்மொழி இல்லை. சில வகுப்புகளில் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் குவித்தார்கள், மற்ற வகுப்புகளில் வழக்கமான பாடம். புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசிப்பில் தெளிவாக முந்திப் போனார்கள்.

கேள்வித்தாளை ஆறு மாதம் பூட்டி வையுங்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

மாலைவகுப்பு

@நூலாம்படை ஆசைதான், முயன்றும் பார்த்தேன். ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எல்லாப் புத்தகத்திலும் மூன்றாம் பக்கம் வரை பென்சில் அடையாளம், நான்காம் பக்கம் முதல் புத்தம் புதுசு. ஒருத்தி மட்டும் முழுசாக முடித்தாள், அவளும் படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள்.

அரைப்பென்சில்

அம்மா, மூன்றாம் பக்கத்தில் நின்றதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கணக்கு. 2000ஆம் ஆண்டில் ஹூவும் நேஷனும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கதையில் தெரியாத சொற்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். துணையில்லாமல் நிம்மதியாக வாசிக்க ஏறக்குறைய 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். 80 சதவீதம் மட்டுமே தெரிந்த நிலையில் ஒருவருக்குக்கூடப் போதுமான அளவு புரியவில்லை. 80 என்றால் நாம் "பரவாயில்லையே" என்போம், ஆனால் அது ஐந்துக்கு ஒரு சொல் ஓட்டை.

இதை வகுப்புக்குக் கொண்டுவருவது சுலபம். ஒரு பக்கத்தில் சுமார் 250 சொல் இருக்கும். பிள்ளை ஒரு பக்கத்தை வாசித்துத் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலுக்குள் முடிந்தால் அந்தப் புத்தகம் அவனுக்கு. பத்து விரலும் போதவில்லை என்றால் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. நூலாம்படை சொல்வது சரியான மருந்துதான், ஆனால் நீங்கள் கொடுத்தது பெரியவர்களுக்கான மாத்திரை. ஒன்பதாவது படிக்கிறவனுக்கு நான்காவது வகுப்புப் புத்தகம் கொடுக்கத் தயங்காதீர்கள். அட்டையில் வகுப்பு எண் போட்டிருந்தால் மட்டும் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் தொடமாட்டார்கள், மானப் பிரச்சினை.

இன்னொன்று. பதினோரு பேருக்கும் ஒரே நோய் என்று நினைக்காதீர்கள். காஃபும் டன்மரும் 1986இல் ஒரு எளிய சூத்திரம் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை பூஜ்யம்தான். எது குறை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாசேஜை அவன் கையில் கொடுக்காமல் நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் அவனுக்கு எழுத்துக்கூட்டுவதில்தான் முழு மூச்சும் போகிறது. அவனை அதே பத்தியை மூன்று நான்கு முறை திரும்ப வாசிக்க விடுங்கள், வேகம் வந்ததும் பொருளும் வரும். கேட்டாலும் புரியவில்லை என்றால் வாசிப்பைக் குறை சொல்லிப் பயன் இல்லை, மொழியே போதவில்லை. உங்கள் பிள்ளைகள் "மளமளவென்று" வாசிக்கிறார்கள் என்பதால் பெரும்பாலும் இரண்டாவது ரகம் என்றுதான் படுகிறது.

நூலாம்படை

விரல் மடக்குவதை ஏற்றுக்கொள்கிறேன். கேள்வித்தாளைப் பூட்டச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

வினையெச்சம்

சொல் தெரியவில்லை, சொல் தெரியவில்லை என்று எல்லோரும் சொற்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவதுதான் நான் தினமும் பார்க்கிறது. என் பசங்களுக்குக் கொடுக்கும் முதல் வரி இது, ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன்:

"த மேன் ஹூ சோல்ட் த ஹவுஸ் டு மை அங்கிள் இஸ் எ டாக்டர்."

டாக்டர் யார்? பாதிப் பேர் மாமா என்பார்கள். ஏன் என்றால் வரியின் கடைசியில் "மை அங்கிள் இஸ் எ டாக்டர்" என்று அச்சுக் கோத்த மாதிரி ஒட்டி நிற்கிறது. இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. தமிழில் இதே செய்தி "என் மாமாவுக்கு வீட்டை விற்றவர் ஒரு டாக்டர்" என்று வரும். நமக்கு அடைமொழி முழுதும் முன்னாலேயே வந்துவிடும், ஆள் அதற்கப்புறம்தான் வருவார், வினையோ பயனிலையோ கடைசியில் வந்து கதவைச் சாத்தும். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுகிறார், அவரைப் பற்றிய விவரம் பின்னால் வால் மாதிரி நீளுகிறது, அந்த வால் முடிந்த இடம் எது என்று தெரியாதவனுக்கு முக்கிய வினை எது என்றும் தெரியாது. தமிழில் பெயரெச்சத்தைத் தூக்கத்தில்கூடச் சரியாகப் போடும் பிள்ளை ஆங்கிலத்தில் தடுக்கி விழுவது இங்கேதான்.

நான் செய்வது பென்சில் வேலை. "ஹூ" "விச்" "தட்" வரும் இடத்தில் அடைப்புக்குறி திற, அந்தத் துண்டு முடியும் இடத்தில் மூடு, உள்ளே இருப்பதைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி. "த மேன் இஸ் எ டாக்டர்." சரியா? இப்போது கையை எடு. முதல் வாரம் அடைப்புக்குறியை எங்கே மூடுவது என்று அடித்துக்கொள்வார்கள், அந்தச் சண்டைதான் பாடம், நடுவில் புகுந்து விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது "தே". தமிழில் ஆளுக்கு அவர்கள், பொருளுக்கு அவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே "தே". நம் பிள்ளை "தே"யைப் பார்த்ததும் மனதுக்குள் "அவர்கள்" என்று மாற்றிக்கொண்டு பக்கத்தில் ஆள் யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறது. "த கேர்ள்ஸ் த்ரூ அவே த பென்ஸ் பிகாஸ் தே வேர் ப்ரோக்கன்." ஒரு பையன் எனக்குச் சொன்ன பொருள்: பெண்கள் பேனாவை உடைத்துவிட்டார்கள், அதனால் தூக்கி எறிந்தார்கள். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரி அதைச் சொல்லவில்லை. அதனால் "தே", "இட்", "திஸ்" எது வந்தாலும் அது சுட்டுகிற சொல்லுக்கு ஒரு அம்புக்குறி போடச் சொல்லுவேன். "திஸ்" இன்னும் மோசம், சில சமயம் ஒரு முழுப் பத்தியையே சுட்டும்.

மூன்றாவதாக, எதிர்மறை முகமே காட்டாத எதிர்மறைகள். "நாட்" இருந்தால் பிடித்துவிடுவார்கள். "ஹி வாஸ் டூ டயர்ட் டு ஸ்பீக்" என்பதில் "நாட்" எங்கே? களைப்பாக இருந்தான், பேசினான் என்று எழுதுகிறார்கள். "ஃபியூ பீப்பிள் கேம்" என்றாலும் "எ ஃபியூ பீப்பிள் கேம்" என்றாலும் சிலர் வந்தார்கள் என்றே எழுதுகிறார்கள். தமிழில் நாம் ஒரு ஏகாரத்தில் முடித்துவிடுகிற வேலை அது, சிலர் வந்தார்கள், சிலரே வந்தார்கள். ஆங்கிலத்தில் அந்தத் தம்மாத்தூண்டு "எ" வேலை செய்கிறது, வேகமாக வாசிக்கும் கண் அதைத் தாண்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் "ஹார்ட்லி", "அன்லெஸ்", "ஃபெயில்ட் டு"... ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடைசிபெஞ்ச்

"ஹார்ட்லி"!!! "ஷி ஹார்ட்லி வொர்க்ட் தட் இயர்" என்பதை "அந்த வருடம் அவள் கடினமாக உழைத்தாள்" என்று புரிந்துகொண்டு, அவளுடைய விடாமுயற்சியைப் பாராட்டி ஒரு பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறேன். அவள் வேலையே செய்யவில்லை என்கிற மாதிரிதான் பொருளாம். பத்துக்கு இரண்டு. கையெழுத்துக்காக என்று நினைக்கிறேன்.

தூரத்துச்சொந்தம்

நான் ஆசிரியர் இல்லை, ஒரு அப்பா. என் மகள் ஏழாவது. வீட்டில் அவள் வாசிக்கும்போது ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே போனில் பார்த்துத் தமிழ் அர்த்தம் எழுதுகிறாள். பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அவ்வளவு உழைப்புக்கு அப்புறமும் வாக்கியமாகச் சொல் என்றால் வரவில்லை. போன வாரம் நதிக்கரையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் கதையில் "பேங்க்" என்பதற்கு மேலே "வங்கி" என்று எழுதி, ஆற்றுக்குள்ளே வங்கி எப்படி என்று என்னிடம் கேட்டாள். தமிழே கூடாது என்று நிறுத்திவிடவா? அவளுடைய ஆசிரியர் அப்படித்தான் சொல்கிறார்.

வினையெச்சம்

@தூரத்துச்சொந்தம் சொல்லுக்குச் சொல் எழுதுவதை நிறுத்துங்கள். தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டும் வேறு. பத்தி முடியும் வரை போனைத் தொடக்கூடாது, தெரியாத சொல்லுக்கு அடியில் ஒரு கோடு மட்டும். முடிந்ததும் கோடு போட்டதில் எந்த மூன்று சொல் தெரியாவிட்டால் கதை நகராதோ அந்த மூன்றை மட்டும் பார்க்கலாம். எந்த மூன்று என்று முடிவு செய்யவே அவள் பத்தியை இன்னொரு முறை வாசித்தாக வேண்டும், அதுதான் சூட்சுமம். அகராதியில் முதல் அர்த்தத்தோடு நிற்காமல் அந்த வரியில் வைத்துப் பார்க்கவும் பழக்குங்கள். அவள் ஆற்றுக்குள் வங்கி எப்படி என்று கேட்டது நல்ல அறிகுறி, நிறையப் பிள்ளைகள் கேட்காமலே கடந்து போய்விடும்.

நூலாம்படை

தமிழை வைத்துக்கொண்டே இருந்தால் ஆங்கிலத்தில் யோசிப்பது எப்போது வரும்? ஊன்றுகோலைப் பிடித்தே நடந்தால் கால் எப்படிப் பலப்படும்?

அரைப்பென்சில்

@நூலாம்படை ஆங்கிலத்தில் யோசிப்பது வரும், வரட்டும். ஆனால் ஒரு பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் நான் தமிழில்தான் கேட்பேன். ஆங்கிலத்தில் கேட்டு, அவன் ஆங்கிலத்தில் சொல்லத் திணறினால், புரியவில்லையா, புரிந்தும் சொல்ல வரவில்லையா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? வாசித்ததைக் கேட்கிறோமா எழுதுவதைக் கேட்கிறோமா என்று முதலில் நமக்குத் தெளிவு வேண்டும். "உன் தம்பிக்குச் சொல்கிற மாதிரி இந்தப் பத்தியைத் தமிழில் சொல்" என்பேன். சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறவன் அங்கேயே மாட்டிக்கொள்வான், ஏனென்றால் எந்தத் தம்பியும் அப்படிப் பேசினால் கேட்கமாட்டான். புரிந்தவன் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவான்.

நேரம்பத்தாது

நான் பெரியவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் பயிற்சி தருகிறவன். வாசிப்புப் பகுதி மட்டும் 60 நிமிடம், 40 கேள்வி. இங்கே பேசும் வயதுக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. அதில் "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்" என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. நல்ல வேலையில் இருக்கிறவர்கள், தினமும் ஆங்கில மின்னஞ்சலில் புழங்குகிறவர்கள், அந்த மூன்றாவதில்தான் சறுக்குகிறார்கள். நான் முதல் நாள் காட்டும் உதாரணம்: பாசேஜில் "நூலகம் 1920இல் கட்டப்பட்டது, 1950இல் விரிவாக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. கூற்று: "வாசகர் கூட்டம் அதிகமானதால் நூலகம் விரிவாக்கப்பட்டது." உடனே "ட்ரூ" என்று போடுகிறார்கள். வேறு எதற்கு சார் விரிவாக்குவார்கள் என்று என்னிடமே கேட்கிறார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் பாசேஜ் அதைச் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளைகள் வரியை அப்படியே பெயர்க்கிறார்கள். என்னுடைய ஆட்கள் வரியைப் பார்க்காமல் தங்கள் தலையில் இருப்பதை எழுதுகிறார்கள். அதனால் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுத வைக்கிறேன்: ஒரே வரியில் இருந்ததா, இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்தேனா, நானாக ஊகித்தேனா. வரி எண்ணும் போட வேண்டும். ஊகம் தவறு என்று நான் சொல்வதில்லை, சில கேள்விகள் அதைத்தான் கேட்கின்றன. ஊகிக்கிறோம் என்று தெரிந்து ஊகிக்க வேண்டும்.

அரைப்பென்சில்

தலையில் இருப்பது என்றதும் எதிர்ப்பக்கமும் நினைவுக்கு வருகிறது. தலையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் புரியாது. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் பாதி இன்னிங்ஸை விவரிக்கும் பத்தி கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள் ஆனால் ஆட்டம் தெரியாதவர்கள் ஒரு பக்கம், வாசிப்பில் மந்தம் ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். ஆட்டம் தெரியாத கெட்டிக்காரர்களைவிட ஆட்டம் தெரிந்த மந்தமான வாசகர்கள்தான் நடந்ததை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். அதற்கும் முன்பு, 1972இல், பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியைத் தலைப்பே இல்லாமல் வாசித்துக் காட்டினார்கள். "முதலில் பொருள்களைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும்" என்கிற ரீதியில் போகும். சுலபமான சொற்கள்தான், ஆனாலும் கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதே பத்தி வெண்ணெய்.

அதனால் வாசிக்கும் முன் ஐந்து நிமிடம் அந்த விஷயத்தைத் தமிழிலேயே பேசிவிடுங்கள். பனிப்பாறை பற்றிய பாசேஜ் என்றால் பனிப்பாறை தண்ணீரில் ஏன் மிதக்கிறது என்று பேசுங்கள். விடையைச் சொல்லிக் கொடுப்பது மாதிரி ஆகிவிடுமே என்று சிலர் தயங்குவார்கள், தேர்வு நாளன்று அப்படி யாரும் பேசமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் நாம் இப்போது பழக்குகிறோம், தேர்வு வைக்கவில்லை. ஒரே விஷயத்தில் அடுத்தடுத்து நான்கு பாசேஜ் கொடுப்பதும் கைகொடுக்கும். திங்கள் எரிமலை, செவ்வாய் சிலந்தி, புதன் செயற்கைக்கோள் என்று தாவினால் ஒரு சொல்லும் இரண்டாவது முறை எதிர்ப்படாது.

புதுவரவு77

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? நிமிடத்துக்கு 1000 சொல் வாசிக்கும் வேக வாசிப்புப் பயிற்சி என்று விளம்பரம் பார்த்தேன், காம்ப்ரிஹென்ஷனும் தானாக வருமாமே?

வினையெச்சம்

@புதுவரவு77 வராது. தாய்மொழியாகவே ஆங்கிலம் பேசும் பெரியவர்களின் மௌன வாசிப்பு வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 238 சொல் என்று பிரைஸ்பேர்ட் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார், அதுவும் கதை அல்லாத எழுத்துக்கு. நான்கு மடங்கு வேகத்தில் போனால் அது வாசிப்பு இல்லை, பக்கம் புரட்டுதல். ஆயிரம் சொல் ஓடிய பிறகும் மாமாதான் டாக்டராக இருப்பார்.

மாலைவகுப்பு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யவில்லை, செய்ததை மட்டும் சொல்கிறேன்.

வாசித்துக் காட்டும் சோதனையில் இரண்டு பையன்களுக்கு மட்டும் காதால் நன்றாகப் புரிகிறது என்று தெரிந்தது. நான் மந்தம் என்று ஓரமாக உட்காரவைத்த இருவர் அவர்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மற்றவர்களுக்கு அடைப்புக்குறியும் அம்புக்குறியும். ஆரம்பத்தில் எரிச்சல்பட்டார்கள், இப்போது யார் "தே"யைச் சரியாகச் சுட்டுகிறார்கள் என்று போட்டி. அதற்கப்புறம் பாலின்சரும் பிரவுனும் 1984இல் எழுதிய முறையைப் படித்துவிட்டு ஒரு நாள் முயன்றேன். நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் சுருக்கிச் சொல்ல வேண்டும், ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவாக்க வேண்டும், ஒருவர் அடுத்து என்ன வரும் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் வேலை மாறும். முதலில் நானே நான்கையும் செய்து காட்டினேன், எனக்கே ஒரு வரி குழப்பியது, அதையும் மறைக்காமல் "இங்கே எனக்கு இடிக்கிறது, மேலே போய்ப் பார்க்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். டீச்சருக்கும் புரியாமல் போகும் என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி போல, ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

பாசேஜ் சின்னக் கதை. அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார், மழை நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறார், மறுபடி கடிகாரம், பிறகு மேசையில் இருந்த இரண்டாவது தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறார். அவ்வளவுதான். முதல் குழு சுருக்கிச் சொன்னது: அப்பா சாப்பிட்டார். கேள்வி கேட்கும் முறை வாயே திறக்காத ஒரு சிறுமியுடையது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏன் ரெண்டு தட்டு?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் தாளுக்குள் குனிந்தார்கள். ஒருவன் "யாரோ வருவதாக இருந்தது" என்றான். இன்னொருத்தி "வரமாட்டார்கள் என்று எப்போது தெரிந்தது?" என்று கேட்டாள், அதற்காக மறுபடி மேலே போய்க் கடிகாரம் வரும் இரண்டு இடத்தையும் தேடினார்கள். மழையால் வரவில்லையா, கோபத்தால் வரவில்லையா என்று சண்டை வந்தது, அது எழுதப்படவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது, நேரம்பத்தாது சாரின் "நாட் கிவன்" அங்கே கைகொடுத்தது. அச்சிட்ட கேள்விகளில் அந்தத் தட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. "அப்பா எதைப் பார்த்தார்?" என்றுதான் முதல் கேள்வி.

இனி கெட்ட செய்தி. பள்ளியில் நடந்த தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை, இருவருக்குக் குறைந்தே போனது. விடைத்தாளைப் பார்த்தேன். சொந்த வாக்கியத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், சின்னச் சின்ன இலக்கணப் பிழை. ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போய்விட்டது. வரியை அப்படியே பெயர்த்தவனுக்கு முழுசாக விழுந்திருக்கிறது. ஒரு அம்மா வந்து "பழைய மாதிரியே சொல்லிக் கொடுங்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நூலாம்படை

நான் அப்போதே சொன்னேன், கேள்வித்தாளைப் பூட்டச் சொல்லி! சரி, குத்திக்காட்டவில்லை. அந்தத் தட்டுக் கேள்வி கேட்ட சிறுமிக்கு மட்டும் என் சார்பில் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

நேரம்பத்தாது

@மாலைவகுப்பு அந்த அம்மா மேல் கோபப்படாதீர்கள், மதிப்பெண்தான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. தேர்வுக்கு என்று தனியாக ஒரு பழக்கம் கொடுங்கள்: முதலில் புரிந்துகொள், விடை எந்த வரி என்று முடிவு செய், பிறகு அந்த வரியிலேயே தேவையான துண்டை மட்டும் எடுத்து, கேள்விக்குப் பொருந்த எழுவாயையும் காலத்தையும் மாற்றி எழுது. பெயர்த்து எழுதுவது பாவம் இல்லை, தெரியாமல் பெயர்ப்பதுதான் பிரச்சினை. இரண்டு வாரம் இதை மட்டும் செய்தால் அந்த அரை மதிப்பெண்கள் திரும்பிவிடும் என்று நினைக்கிறேன். பிழையைத் திருத்துவதைப் பாசேஜ் வகுப்பில் செய்யாமல் வேறு நாளுக்குத் தள்ளுங்கள்.

தூரத்துச்சொந்தம்

இங்கே வீட்டில் எறும்புக்கூட்டம் குறைந்திருக்கிறது. மூன்று சொல் என்பதை நான்காக்கித் தரச் சொல்லிப் பேரம் பேசுகிறாள்.

கடைசிபெஞ்ச்

டீச்சர், ஒன்று கேட்கட்டுமா, தொம்பன் என்ன ஆனான்?

மாலைவகுப்பு

@நேரம்பத்தாது அடுத்த தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது, அப்படியே செய்கிறேன். அந்த அம்மாவிடமும் ஐந்து வாரம் கேட்டிருக்கிறேன்.

@கடைசிபெஞ்ச் தொம்பன் இப்போது எங்கள் கரும்பலகையின் மூலையில் இருக்கிறான், யாரோ படமாக வரைந்துவிட்டார்கள், அழிக்க விடுவதில்லை. மூன்று கால். ஏன் மூன்று என்று கேட்டேன். "நாட் கிவன், டீச்சர்" என்கிறார்கள்.